பதிவேற்றிய கோப்பு நிரலாக ஓடாமல் தடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

2018 அக்டோபரில் இணையப் பக்கத்தில் கோப்பு பதிவேற்ற உதவும் ஜேக்வெரி ஃபைல் அப்லோடு என்ற பேக்கேஜில் (ஆயத்த நிரல்தொகுப்பில்) ஒரு பெரிய ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. அகமாய் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் லாரி கேஷ்டாலர் கண்டுபிடித்த அந்த ஓட்டை, பாதுகாப்பு ஓட்டைகளுக்கு எண் கொடுக்கும் சிவிஇ பட்டியலில் சிவிஇ-2018-9206 என்று பதிவானது. பேக்கேஜோடு சேர்ந்து வந்த பிஎச்பி நிரல், எந்தப் பின்னொட்டுள்ள (பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் வகைக்குறி) கோப்பையும் வாங்கிக்கொண்டது. வாங்கியதை உலாவியில் திறக்கக்கூடிய கோப்புறையிலேயே வைத்தது. ஒருவர் பிஎச்பி கோப்பைப் பதிவேற்றி, அதன் முகவரியைத் தட்டினால் போதும், சர்வர் அதை ஓட்டிவிடும். அதன்பின் சர்வர் அவருடையது.

பேக்கேஜை எழுதியவர் கவனக்குறைவாக இருக்கவில்லை. அந்தக் கோப்புறைக்குள் எதுவும் நிரலாக ஓடக்கூடாது என்று ஒரு .எச்டிஅக்சஸ் கோப்பை (ஒரு கோப்புறைக்கு மட்டும் சர்வர் விதிகளை எழுதும் கோப்பு) வைத்திருந்தார். ஆனால் 2010-இல் வந்த அப்பாச்சி வெப் சர்வரின் 2.3.9 பதிப்பு முதல், 'அலவ்ஓவர்ரைடு' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 'ஆல்' என்பதிலிருந்து 'நன்' என்று மாறியது. அதாவது, முதன்மை அமைப்பில் தனியாக அனுமதி எழுதாவிட்டால் .எச்டிஅக்சஸ் கோப்பை அப்பாச்சி திறந்துகூடப் பார்ப்பதில்லை. பாதுகாப்புக் கோப்பு அதன் இடத்திலேயே இருந்தது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. 9.22.1 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது. ஆனால் கிட்ஹப்பில் அந்தப் பேக்கேஜிலிருந்து கிளைத்த 7,800-க்கும் மேற்பட்ட நகல்களுக்கு அந்தத் திருத்தம் தானாகப் போய்ச் சேராது.

பேக்கேஜின் பாதுகாப்பில் பாதி பேக்கேஜுக்கு வெளியே, நீங்கள் அதை இறக்கிவைக்கும் சர்வரின் அமைப்பில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அதிக இடத்தை, கோப்பு போய் விழும் இடத்துக்கே கொடுத்திருக்கிறோம். பின்னொட்டைச் சோதிப்பது, வகையைச் சோதிப்பது எல்லாம் அதற்கு அடுத்துதான்.

படி 1: கோப்பு வாங்கும் வாசல்களை எண்ணுங்கள்

உங்கள் செயலியில் எத்தனை இடத்தில் கோப்பு உள்ளே வருகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் சுயவிவரப் படத்தையும் விண்ணப்பப் படிவத்தையும் சொல்வார்கள். விடுபடுபவை வேறு: எடிட்டருக்குள் படம் ஒட்டும் வசதி, எக்செல் கோப்பிலிருந்து தரவு ஏற்றும் பக்கம், தீம் அல்லது நீட்சி நிறுவும் நிர்வாகப் பக்கம், காப்புநகலைத் திரும்ப ஏற்றும் பக்கம், 'இந்த இணைப்பிலிருந்து படத்தை எடுத்துக்கொள்' என்னும் பெட்டி.

கடைசியாகச் சொன்னதைப் பதிவேற்றம் என்று பலர் நினைப்பதே இல்லை. 2011-இல் வேர்ட்பிரஸ் தளங்களைப் பதறவைத்த, படங்களின் அளவை மாற்றும் டிம்தம்ப் நிரலின் ஓட்டை இந்த வகைதான். ஃபிளிக்கர், பிளாகர் போன்ற சில தளங்களிலிருந்து மட்டும் படம் எடுக்க அந்த நிரலுக்கு அனுமதி இருந்தது. ஆனால் அந்தத் தளங்களின் பெயர் முகவரியில் எங்காவது இருக்கிறதா என்று மட்டுமே அது பார்த்தது. தாக்குபவர் தன் தளத்துக்கு முன்னால் 'பிளாகர் டாட் காம்' என்பதைத் துணைப்பெயராகச் சேர்த்தால் போதும். எடுத்துவந்த கோப்பு இணையத்தில் திறக்கக்கூடிய தற்காலிகக் கோப்புறையில் விழுந்தது.

பட்டியல் எடுக்கும்போது பேக்கேஜ்களை நிறுவும் கருவிகளான கம்போசர் (பிஎச்பி), என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட்) தரும் பட்டியல்களோடு நின்றுவிடாதீர்கள். 'கம்போசர் ஆடிட்', 'என்பிஎம் ஆடிட்' இரண்டும் முறையாக நிறுவிய பேக்கேஜ்களை மட்டுமே பார்க்கும். தீம் கோப்புறைக்குள் யாரோ நகலெடுத்து ஒட்டிய பழைய நிரல் அவற்றின் கண்ணில் படாது. பிஎச்பி என்றால், பதிவேற்றிய கோப்பை நகர்த்தி வைக்கும் 'மூவ் அப்லோடெட் ஃபைல்' செயற்கூற்றை முழு மூலநிரலிலும் தேடுங்கள். தேடலில் வெளிநிரல் வைக்கும் 'வெண்டார்' கோப்புறையையும் பொது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: மாதிரிக் கோப்புகளை சர்வருக்கு அனுப்பாதீர்கள்

2020 செப்டம்பரில் தாக்கப்பட்ட 'டபிள்யூபி ஃபைல் மேனேஜர்' என்ற வேர்ட்பிரஸ் நீட்சி அப்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. எல்ஃபைண்டர் என்ற வேறொரு பேக்கேஜின் மேல் கட்டப்பட்ட நீட்சி அது. எல்ஃபைண்டரில் இணைப்புக்கான ஒரு மாதிரிக் கோப்பு உண்டு. நேரடியாக ஓடிவிடக்கூடாது என்பதற்காகவே அதன் பெயரின் இறுதியில் 'டிஸ்ட்' என்று சேர்த்திருந்தார்கள். நீட்சியை உருவாக்கியவர்கள் அந்தப் பெயரைப் பிஎச்பி என்று முடியும்படி மாற்றி அப்படியே வெளியிட்டுவிட்டார்கள். உள்நுழையாமலேயே எவரும் அதை அழைத்துக் கோப்பு ஏற்ற முடிந்தது. 6.0 முதல் 6.8 வரை பாதிப்பு, 6.9-இல் திருத்தம்.

வெளியீட்டுக்குத் தயாராகும்போது, 'எக்சாம்பிள்ஸ்', 'டெமோ', 'டெஸ்ட்', 'சர்வர்' என்ற பெயர்களில் உள்ள கோப்புறைகளை நீக்கும் கட்டளையை உங்கள் தானியங்கி நிரலிலேயே எழுதிவிடுங்கள். கையால் நீக்கினால் அடுத்த மேம்படுத்தலில் அவை திரும்ப வந்துவிடும். இன்னும் நல்லது, 'வெண்டார்' கோப்புறை முழுவதையும் இணைய மூலக் கோப்புறைக்கு (சர்வர் உலாவிகளுக்கு நேரடியாகத் திறந்துவைக்கும் கோப்புறை) வெளியே வைப்பது.

படி 3: கோப்பு விழும் இடத்தைக் கட்டுங்கள்

சிறந்த ஏற்பாடு எளிமையானது. பதிவேற்றிய கோப்புகள் இணைய மூலக் கோப்புறைக்கு வெளியே இருக்கட்டும். பயனர் கேட்கும்போது உங்கள் நிரல் அனுமதியைச் சோதித்து, கோப்பைப் படித்துக் கொடுக்கட்டும். எந்த முகவரியைத் தட்டினாலும் நேரடியாகப் போய்ச் சேர முடியாத கோப்பைச் சர்வர் ஓட்ட வாய்ப்பில்லை. புதிதாகக் கட்டுபவர்களுக்கு வேறு வழியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பழைய செயலியில் அது முடியாமல் போகலாம். கோப்புறை இணைய மூலத்துக்குள்ளேயே இருந்துதான் தீரவேண்டும் என்றால், அங்கே எதுவும் நிரலாக ஓடாதபடி சர்வரின் முதன்மை அமைப்பில் எழுத வேண்டும். இதில் தவறுவதற்கு நிறைய இடம் உண்டு.

அப்பாச்சியில் முதல் வேலை, அந்தக் கோப்புறைக்கு 'அலவ்ஓவர்ரைடு' மதிப்பை 'நன்' என்று உறுதியாக எழுதுவது. இல்லாவிட்டால் தாக்குபவர் தானே ஒரு .எச்டிஅக்சஸ் கோப்பைப் பதிவேற்றி, 'ஜேபெக் கோப்புகளைப் பிஎச்பியாக ஓட்டு' என்று சொல்லிவிடலாம். பிஎச்பியின் .யூசர்.ஐஎன்ஐ, மைக்ரோசாஃப்ட் ஐஐஎஸ் சர்வரின் வெப்.கன்ஃபிக் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

அடுத்தது பிஎச்பியை நிறுத்துவது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் 'பிஎச்பி அட்மின் ஃபிளாக் எஞ்சின் ஆஃப்' என்ற வரியைச் சொல்லும். அது அப்பாச்சிக்குள்ளேயே பிஎச்பி கூறாக ஓடும் பழைய ஏற்பாட்டுக்கு உரியது. இன்று பரவலாக உள்ள, பிஎச்பி தனிச் சேவையாக ஓடும் பிஎச்பி-எஃப்பிஎம் ஏற்பாட்டில் அப்பாச்சிக்கு அந்த வரியே புரியாது. சிலர் அதற்குப் பதிலாக 'டைரக்டரி' பகுதிக்குள் 'செட்ஹேண்ட்லர் நன்' என்று எழுதுவார்கள். அதுவும் பலிக்காமல் போகலாம். அப்பாச்சி முதலில் 'டைரக்டரி' பகுதிகளையும், பிறகு 'ஃபைல்ஸ்மேட்ச்' பகுதிகளையும், கடைசியில் 'லொக்கேஷன்' பகுதிகளையும் பொருத்தும். பிஎச்பியை இயக்கச் சொல்லும் வரி வழக்கமாக 'ஃபைல்ஸ்மேட்ச்' பகுதியில் இருக்கிறது. உங்கள் தடையை அது பின்னால் வந்து அழித்துவிடும். ஆகவே தடையை 'லொக்கேஷன்' பகுதியில் எழுதுங்கள். கூடவே, 'டைரக்டரி' பகுதிக்குள் முதலில் எல்லாக் கோப்புக்கும் அணுகலை மறுத்துவிட்டு, அனுமதித்த நான்கைந்து பின்னொட்டுகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் வேறு ஒரு பொறி. சாதாரண முன்னொட்டு 'லொக்கேஷன்' எழுதினால், பிஎச்பிக்கான ஒழுங்குக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) 'லொக்கேஷன்' அதை முந்திக்கொள்ளும். பதிவேற்றக் கோப்புறைக்கான பகுதியை ^~ குறியோடு எழுதினால்தான் எஞ்சின்எக்ஸ் அத்தோடு நிற்கும், ஒழுங்குக்கோவைகளைத் தேடிப் போகாது. படத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் கற்பனையான பிஎச்பி பெயரும் சேர்த்து அழைத்தால் படமே நிரலாக ஓடும் பழைய கோளாறும் எஞ்சின்எக்ஸ்-பிஎச்பி சேர்க்கையில்தான் வந்தது. பிஎச்பியின் 'ஃபிக்ஸ் பாத்இன்ஃபோ' அமைப்பு, இல்லாத கோப்புக்குப் பதில் முகவரியில் பின்னோக்கிப் போய் இருக்கிற கோப்பை எடுத்து ஓட்டுவதே காரணம். எஃப்பிஎம் அமைப்பில் 'செக்யூரிட்டி லிமிட் எக்ஸ்டென்ஷன்ஸ்' இதைத் தடுக்கிறது. யாராவது அதை வெறுமையாக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோப்பின் அனுமதியை 644 என்று வைத்துவிட்டால், அல்லது வட்டுப் பகுதியை 'நோஎக்செக்' என்று இணைத்துவிட்டால் பிஎச்பி ஓடாது என்று பலர் நம்புகிறார்கள். பிஎச்பி கோப்பு ஓட இயக்கும் அனுமதி தேவையே இல்லை. பிஎச்பி இயக்கி அதைப் படிக்க முடிந்தாலே போதும். அந்த அமைப்புகளை வேறு காரணங்களுக்காக வைத்துக்கொள்ளலாம், இந்த ஓட்டைக்கு அவை மருந்தல்ல.

படி 4: பெயரை நீங்களே வையுங்கள்

பயனர் அனுப்பும் கோப்புப் பெயரை வட்டில் எழுதவே கூடாது. 16 பைட் தற்போக்கு (ராண்டம்) எண்ணை எடுத்து 32 எழுத்துப் பெயராக்கி, நீங்கள் கண்டறிந்த வகைக்குரிய பின்னொட்டைச் சேர்த்துச் சேமியுங்கள். அசல் பெயர் தரவுத்தளத்தில் ஒரு வரியாக இருக்கட்டும்.

பெயரைச் சுத்தம் செய்து பயன்படுத்துவது ஏன் போதாது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2020 டிசம்பரில் 50 லட்சம் தளங்களில் இருந்த 'கான்டாக்ட் ஃபார்ம் 7' நீட்சிக்கு 5.3.2 பதிப்பு அவசரமாக வந்தது. பெயரின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு எழுத்தை நுழைத்து, சோதனையில் ஒரு பின்னொட்டும் சேமிக்கும்போது வேறொரு பின்னொட்டும் வரும்படி செய்ய முடிந்ததே காரணம். 2023 டிசம்பரில், ஜாவா இணையச் செயலிகள் கட்டும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் சிவிஇ-2023-50164 வந்தது. அளவுருப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை வைத்து, சோதித்து முடித்த கோப்புப் பெயரை மேலெழுதி, மேல் கோப்புறைக்கு ஏறிப் போகும் பாதையைத் திணிக்க முடிந்தது. இரண்டிலும் பெயர்ச் சோதனை இருக்கத்தான் செய்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் பயனர்கள் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. பைத்தானில் ஃபிளாஸ்க் செயலிகள் பயன்படுத்தும் வெர்க்சாய்க் நூலகத்தின் 'செக்யூர் ஃபைல்நேம்' செயற்கூறு, ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதி) அல்லாத எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிடும். 'சான்றிதழ்' என்று தமிழில் பெயரிட்ட பிடிஎஃப் கோப்பு, புள்ளிகூட இல்லாமல் வெறும் 'பிடிஎஃப்' என்ற மூன்றெழுத்துப் பெயராகிவிடும். அடுத்தவரின் 'விண்ணப்பம்' கோப்பும் அதே பெயரில் வந்து முதல் கோப்பை அழிக்கும். இன்னொன்று, லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட், 'கு' போன்ற உயிர்மெய்க்கு இரண்டு புள்ளிகள், ஆக 6 பைட். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்துப் பார்த்துச் சரி என்று விட்ட செயலி, நீளமான தமிழ்ப் பெயரில் பிழை காட்டி நிற்கும். தற்போக்குப் பெயர் வைத்தால் இந்த இரண்டு தொல்லையும் சேர்ந்தே போகும்.

படி 5: வகையைக் கோப்பிடமே கேளுங்கள்

உலாவி அனுப்பும் மைம் வகை (இது என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் குறிப்பு), அனுப்புபவர் தானே எழுதும் ஒரு வரி. பிஎச்பியின் கோப்பு வரிசையில் 'டைப்' என்று வருவதும், நோட் செயலிகளில் கோப்பு வாங்கும் மல்ட்டர் பேக்கேஜில் 'மைம்டைப்' என்று வருவதும் அதே வரிதான். மல்ட்டரின் கோப்பு வடிகட்டியில் அதை மட்டும் சோதிக்கும் நிரல்கள் ஏராளம். அவை எதையும் தடுப்பதில்லை.

பின்னொட்டுக்கு அனுமதிப் பட்டியல் வையுங்கள், தடைப் பட்டியல் வேண்டாம். பிஎச்பியைத் தடுத்தால் பிஎச்டிஎம்எல், பிஎச்பி5, ஃபார் என்று அடுத்தது வரும். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குங்கள். பெயரில் இரண்டு பின்னொட்டு இருந்தால் நிராகரியுங்கள். அப்பாச்சியில் 'ஆட்ஹேண்ட்லர்' மூலம் பிஎச்பியை இணைத்திருந்தால், பெயரின் நடுவில் வரும் பின்னொட்டும் எண்ணிக்கையில் சேரும். 'படம்.பிஎச்பி.ஜேபெக்' அங்கே நிரலாக ஓடும்.

பிறகு கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பாருங்கள். பிஎன்ஜி எப்போதும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களில் தொடங்கும். ஜேபெக் 255, 216, 255. ஜிஐஎஃப் 71, 73, 70, 56 என்று தொடங்கும். பிஎச்பியில் 'ஃபைல்இன்ஃபோ', பைத்தானில் 'மேஜிக்' நூலகம் இதைச் செய்துதரும். ஆனால் இது தவறுதலாக வரும் கோப்புகளைப் பிடிக்கவே உதவும். ஜிஐஎஃப்பின் முதல் ஆறு எழுத்துகளை எழுதி, அதன் பின்னால் பிஎச்பி நிரலை ஒட்டினால் ஃபைல்இன்ஃபோ அதை ஜிஐஎஃப் என்றே சொல்லும்.

படங்களுக்கு இன்னும் வலுவான வழி, கோப்பைத் திறந்து படப்புள்ளிகளை எடுத்துப் புதிய கோப்பாக எழுதிவிடுவது. ஒட்டிவந்த நிரல் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கூடவே படம் எடுத்த இடத்தைச் சொல்லும் ஜிபிஎஸ் குறிப்பும் போய்விடுவது பயனருக்கு நன்மை. இப்படி மறுஎழுத்துக்குப் பிறகும் தப்பிப் பிழைக்கும்படி அமைத்த படங்களும் உண்டு என்பதால், படி 3-ஐ இதற்காகத் தளர்த்திவிடாதீர்கள்.

படம் திறக்கும் நூலகமே ஓட்டையாகவும் இருக்கலாம். 2016 மே மாதம் இமேஜ்மேஜிக்கில் வெளிவந்த சிவிஇ-2016-3714 ஓட்டைக்கு இமேஜ்டிராஜிக் என்று பெயரிட்டார்கள். படம் போலத் தோன்றும் கோப்புக்குள் எழுதிய வரி, சர்வரில் கட்டளையாக ஓடியது. இமேஜ்மேஜிக் பயன்படுத்தினால் அதன் 'பாலிசி' கோப்பில் எம்விஜி, எம்எஸ்எல், யூஆர்எல், எச்டிடிபிஎஸ் ஆகிய வடிவங்களுக்கு உரிமையை நீக்குங்கள். உங்களுக்குத் தேவைப்படும் மூன்று வடிவங்களை மட்டும் விட்டுவைப்பது அதைவிட நல்லது.

எஸ்விஜி தனி வகை. அது படமாகத் தெரிந்தாலும் உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் வைக்கக்கூடிய ஆவணம். பயனர் அனுப்பும் எஸ்விஜியை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் சர்வரில் பிஎன்ஜியாக மாற்றிவிடுங்கள்.

படி 6: அளவுக்கு வரம்பு

இயல்பு மதிப்புகள் இவை: பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு கோரிக்கைக்கு 8 எம்பி, 20 கோப்புகள். எஞ்சின்எக்ஸில் 1 எம்பி, தாண்டினால் 413 பிழை. மல்ட்டரில் கோப்பு அளவுக்கு இயல்பாக வரம்பே இல்லை, நீங்கள்தான் எழுத வேண்டும். 413 பிழையைக் கண்டு எரிச்சலில் வரம்பை 0 என்று வைப்பவர்கள் உண்டு. எஞ்சின்எக்ஸில் 0 என்றால் வரம்பே வேண்டாம் என்று பொருள்.

வட்டில் சிறியதாக இருக்கும் கோப்பு நினைவகத்தில் பெரிதாகலாம். 20,000-க்கு 20,000 புள்ளிகள் கொண்ட ஒரே நிறப் படம் வட்டில் மிகச் சிறியது. திறந்தால் 40 கோடிப் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 1.6 ஜிபி. தலைப்பகுதியிலிருந்து நீள அகலத்தைப் படித்து, வரம்புக்குள் இருந்தால் மட்டும் திறங்கள்.

ஜிப் கோப்பைப் பிரிக்கும் செயலிக்கு இரண்டு ஆபத்துகள். 42 கேபி அளவுள்ள ஒரு பெயர்பெற்ற ஜிப் கோப்பு, உள்ளடுக்குகள் எல்லாம் பிரிந்தால் 4.5 பெட்டாபைட் ஆகும். தலைப்பகுதி சொல்லும் அளவை நம்பாமல், பிரிக்கும்போதே பைட்டுகளை எண்ணி வரம்பு தாண்டியதும் நிறுத்துங்கள். மற்றது, 2018 ஜூனில் 'ஜிப் ஸ்லிப்' என்ற பெயரில் வெளியானது: ஜிப்புக்குள் உள்ள பெயரிலேயே மேல் கோப்புறைக்குப் போகும் புள்ளிகளை எழுதி, விரும்பிய இடத்தில் கோப்பை விழச் செய்வது. ஒவ்வொரு பெயரையும் முழுப் பாதையாக்கிப் பார்த்து, அது இலக்குக் கோப்புறைக்குள் முடிகிறதா என்று உறுதிசெய்த பிறகே எழுதுங்கள்.

படி 7: திருப்பித் தரும்போது

பயனர் கோப்புகளை வேறு டொமைனிலிருந்து கொடுங்கள். கிட்ஹப்பும் கூகுளும் 'யூசர்கன்டென்ட்' என்று முடியும் தனி டொமைன்களை இதற்காகவே வைத்திருக்கின்றன. எச்டிஎம்எல் கோப்பு தப்பி வந்தாலும் உங்கள் தளத்தின் குக்கியை அதனால் தொட முடியாது. பதிலோடு, கோப்பின் வகையை உலாவி தானே ஊகிப்பதைத் தடுக்கும் 'நோஸ்னிஃப்' தலைப்பைச் சேருங்கள். படம் அல்லாதவற்றுக்கு 'அட்டாச்மென்ட்' என்று சொல்லித் தரவிறங்கச் செய்யுங்கள். மைம் வகையை உங்கள் தரவுத்தளப் பதிவிலிருந்து எடுங்கள்.

படி 8: சோதனை

சோதனைச் சர்வரில், உங்களுக்கு உரிமையுள்ள செயலியில் மட்டும் செய்யுங்கள். 6-ஐ 7-ஆல் பெருக்கி அச்சிடும் ஒரே வரிப் பிஎச்பி கோப்பு போதும்.

முதலில் அந்தக் கோப்பைப் படிவம் வழியாக அனுப்பாமல், சர்வரில் நுழைந்து நேரடியாகப் பதிவேற்றக் கோப்புறைக்குள் வைத்து உலாவியில் திறங்கள். 42 என்று வந்தால் படி 3 தோற்றுவிட்டது. மூலநிரல் எழுத்தாகத் தெரிந்தால் ஓடவில்லை, ஆனால் அணுகல் மறுப்பு வேலை செய்யவில்லை. 403 அல்லது 404 வர வேண்டும். இந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. படிவத்தில் தொடங்கினால் பின்னொட்டுச் சோதனை தடுத்துவிடும், அதன் பின்னால் உள்ள சுவர் திறந்து கிடப்பது தெரியாமலே போகும்.

அடுத்து அதே கோப்பைப் படிவம் வழியாக, ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றி அனுப்புங்கள்: பின்னொட்டில் பெரிய எழுத்து, இரண்டு பின்னொட்டு, பிஎச்டிஎம்எல், பெயர் இறுதியில் புள்ளி, பொய்யான மைம் வகை, ஜிஐஎஃப் தொடக்கம். உள்நுழையாமலும் ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். வைரஸ் சோதனைக்குக் கிளாம்ஏவி வைத்திருந்தால் 68 எழுத்துகள் கொண்ட, தீங்கற்ற ஐகார் சோதனைக் கோப்பை ஏற்றுங்கள். பிறகு கிளாம்ஏவி சேவையையே நிறுத்திவிட்டு ஒரு நல்ல கோப்பை ஏற்றுங்கள். சோதிக்க ஆளில்லாதபோது செயலி கோப்பை ஏற்றுக்கொண்டால் அந்த ஏற்பாட்டைத் திருத்த வேண்டும்.

சர்வர் பதிப்பு மாறும்போதும், அப்பாச்சியிலிருந்து எஞ்சின்எக்ஸுக்கு நகரும்போதும், ஹோஸ்டிங் மாற்றும்போதும் இந்த வரிசை முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள்.

ஏற்கெனவே யாராவது நுழைந்திருந்தால்

அந்நியப் பிஎச்பி கோப்பைக் கண்டதும் அழித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். தடயம் போய்விடும், மற்ற வாசல்கள் அப்படியே இருக்கும். சர்வரை இணையத்திலிருந்து துண்டித்து, வட்டின் நகலை எடுத்துவையுங்கள். கோப்புகளைத் தேடும்போது மாற்றிய நேரமான எம்டைமை நம்பாதீர்கள், 'டச்' கட்டளையால் அதை எந்தத் தேதிக்கும் மாற்றலாம். கோப்பின் விவரம் கடைசியாக மாறிய நேரமான சிடைமை அப்படி எளிதில் பொய்யாக்க முடியாது, 'ஃபைண்டு' கட்டளையில் அதை வைத்துத் தேடுங்கள். அணுகல் பதிவில், பதிவேற்றக் கோப்புறையிலுள்ள பிஎச்பி முகவரிகளுக்குப் 'போஸ்ட்' கோரிக்கை போயிருக்கிறதா என்று பாருங்கள். முதல் கோரிக்கையின் நேரமே நீங்கள் தேட வேண்டிய தொடக்கப் புள்ளி.

நேரப் பணிகளின் பட்டியல், புதிய நிர்வாகிக் கணக்குகள், எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு, .எச்டிஅக்சஸ், .யூசர்.ஐஎன்ஐ ஆகியவற்றைப் பாருங்கள். அந்தச் செயலியால் படிக்க முடிந்த எல்லா இரகசியங்களையும் மாற்றுங்கள்: தரவுத்தளக் கடவுச்சொல், மின்னஞ்சல் சேவையின் சாவி, பணம் செலுத்தும் சேவையின் சாவி. புதிய சர்வரில் மூலநிரலைக் களஞ்சியத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். பழைய சர்வரிலிருந்து எடுப்பது பயனர் கோப்புகளும் தரவுத்தளமும் மட்டுமே. அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றும் படி 5 வழியாக மறுபடி கடந்து வந்த பிறகே புதிய இடத்துக்குள் போகட்டும்.